பெயரில்லாத ஒன்பது ஜிகாபைட்

மனைவியின் நெட்புக்கில் ஒன்பது ஜிகாபைட் இடம் யாருடைய பெயரிலும் இல்லை என்பதை ஷௌகி சனிக்கிழமை மதியம் கண்டுபிடித்தான். தந்தா நகரத்து நில அளவை அலுவலகத்தில் அவன் எழுத்தர். பதினோரு ஆண்டுகளாக வரைபடங்களோடு வாழ்கிறவன். பெயரில்லாத நிலத்தைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

திரையில் ஹார்ட் டிஸ்க்கின் படம் ஒரு வயலைப் போலவே நீளமாகக் கிடந்தது. முதல் துண்டின் பெயர் 'சி'. இரண்டாம் துண்டின் பெயர் 'டி'. ஓரத்தில், வாய்க்கால் கரை அளவுக்கு இன்னொரு துண்டு. அதற்குப் பெயர் இல்லை. நெட்புக்கைச் சாதாரணமாகத் திறந்தால் அது கண்ணிலும் படாது.

"மறைச்சு வெச்சிருக்கா," என்றான் ஷௌகி வாய்விட்டு.

பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ரிஹாம் முந்தின நாள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு சிரிப்பு. ரிஹாம் பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் அந்தச் சிவப்பு நெட்புக்கின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தாள்.

"யாரைப் பார்த்துச் சிரிக்கிற?"

"ஒரு பொண்ணு, நைல் நதி கடல்ல பொறந்து சூடானுக்கு ஏறிப் போகுதுன்னு பரீட்சையில எழுதியிருக்கா. மறக்காம இருக்க டைப் பண்ணி வெச்சுக்கறேன்."

"அதுக்கு இவ்வளவு சிரிப்பா?"

"எவ்வளவு சிரிக்கலாம், நீயே சொல்லு. சங்கிலி போட்டு அளந்து குடு."

ஷௌகிக்கு அந்த நெட்புக்கின்மேல் ஆறு மாதமாகவே ஆகாது. பத்து அங்குலத் திரை. கைக்குழந்தையைப் போல அதை அவள் மடியில் வைத்துக்கொள்வாள். தலையில் கட்டிய துணியின் நுனியால் அதன் முகத்தைத் துடைப்பாள். கல்யாணமான இரண்டு ஆண்டுகளில் ஷௌகியின் மூக்குக்கண்ணாடியை அவள் ஒருமுறைகூடத் துடைத்ததில்லை. இதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவன் அன்றைக்கு, "திற, நான் பாக்கணும்," என்றான். "சந்தேகமா?" என்றாள் அவள். அதற்கு அவன் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். மூன்று விநாடி யோசித்தான். அந்த மூன்று விநாடிக்குள் அவள் பெட்டியை எடுத்துவிட்டாள்.

நெட்புக்கை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மாமனார் ஹாஜ் மித்வல்லி போன் செய்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுவார்.

"மாப்ள! அடுத்த வெள்ளி தொழுகை முடிஞ்சதும் வா! பஸ்பூஸா இனிப்பு வாங்கிட்டு வா! சமாதானம் பேசுவோம்! அவ கம்ப்யூட்டரையும் கொண்டு வா! பட்டியல்ல இருக்கு!"

"எந்தப் பட்டியல், மாமா?"

"சீர்ப்பட்டியல்! இருபத்து மூணாவது வரி! வாஷிங் மெஷினுக்குக் கீழ! நீதான் கையெழுத்து போட்டிருக்க!"

கல்யாணத்தன்று ஊரில் எல்லா மாப்பிள்ளைகளையும் போல ஷௌகியும் அந்தப் பட்டியலில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டி முதல் தேக்கரண்டி வரை வீட்டில் இருப்பவை எல்லாம் ரிஹாமுடையவை, கேட்கும்போது கெடாமல் ஒப்படைப்பேன் என்று அதன் பொருள். தவறினால் நீதிமன்றம். பட்டியல் மாமனாரின் பீரோவில் இருந்தது.

நெட்புக்குக்கு ரிஹாம் கடவுச்சொல்கூட வைத்திருக்கவில்லை. இது ஷௌகிக்குப் பெரும் சந்தேகத்தைத் தந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் போல நடிக்கிறாள். கடிதங்களைத் தேடினான். பாடக்குறிப்புகள். படங்களைத் தேடினான். பாலைவன மணல்மேடுகள், நான்கு வகை. அதன் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கின் வரைபடத்தைத் திறந்தான், ஓரத்துத் துண்டைக் கண்டான்.

ஒரு எழுத்தைப் பெயராகச் சூட்டியதும் அந்தத் துண்டு திறந்துகொண்டது. உள்ளே மூன்றே மூன்று கோப்புகள். ஒவ்வொன்றும் யானைக்கனம். எதுவும் திறக்கவில்லை. தேதியைப் பார்த்தான். அவர்கள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் முந்தைய தேதி.

"பழைய ஆள்," என்றான் ஷௌகி.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு பக்கக் காதல் கடிதத்துக்கு இரண்டு கிலோபைட் என்றால், ஒன்பது ஜிகாபைட்டில் நாற்பத்தைந்து லட்சம் கடிதங்கள். ரிஹாமுக்கு வயது இருபத்தொன்பது. பிறந்த நாளிலிருந்து எழுதியிருந்தாலும் தினம் நானூற்று இருபது ஆகிறது. பள்ளிக்கூட வேலையோடு இது நடக்கிற காரியமா என்று ஒரு கணம் ஐயம் தட்டியது. 'போட்டோவும் இருக்கும்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிறு காலை அலுவலகத்தில் பக்கத்து மேசை மேடம் அஃபாஃப் வழக்கம்போல் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, மதியச் சமையலுக்கான சீமைச்சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தார். ஷௌகி தன் நண்பன் ஒருவனுக்கு நேர்ந்ததாகச் சொல்லி விஷயத்தை எடுத்தான்.

"உன் பொண்டாட்டி ஒளிச்சு வெச்சிருக்காளா?" என்றார் மேடம் அஃபாஃப், கத்தியை நிறுத்தாமல்.

"நண்பனோட பொண்டாட்டி."

"சரி, அவளே. திறக்க வரலையா?"

"வரலை."

"பதினோரு வருஷம் இந்த ஆபீஸ்ல என்ன கத்துக்கிட்ட? வாய்க்கால் ஓரம் பட்டா இல்லாத துண்டு கிடந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"உரிமை கொண்டாட யாராவது வர்றாங்களான்னு நோட்டீஸ் ஒட்டுவோம்."

"யாரும் வரலைன்னா?"

"பக்கத்து நிலத்தோட சேர்த்துடுவோம்."

"அவ்வளவுதான்," என்று மேடம் குடைந்த காயை ஊதிப் பார்த்தார். "சேர்த்துடு. உள்ள யார் குடியிருந்தாலும் வெளியே ஓடி வருவான்."

ஷௌகி வீட்டுக்கு வந்ததும் வேலையை முடித்தான். ஓரத்துத் துண்டை அழித்தான். 'டி'யோடு இணைத்தான். 'நிச்சயமாகவா?' என்று நெட்புக் இரண்டு முறை கேட்டது. பொண்டாட்டியைக் காப்பாற்றுகிறது பார் என்று கறுவிக்கொண்டு இரண்டு முறையும் 'ஆம்' என்றான். வரைபடம் அழகாக, வேலி நேராக நின்றது. நெட்புக் தானே அணைந்து மீண்டும் எழுந்தது.

கறுப்புத் திரை. நடுவில் ஒரே ஒரு வெள்ளை வரி. ஓ.எஸ்., அதாவது நெட்புக்கை எழுப்பி ஓட்டுகிற மென்பொருள், இல்லை என்றது.

உள்ளே இருந்து யாரும் ஓடி வரவில்லை.

பஹ்ர் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஸலாமா படித்தது வேளாண்மை. ஆனாலும் எல்லோருக்கும் அவன் இன்ஜினியர் ஸலாமாதான். கல்யாணத்தின்போது அந்த நெட்புக்கை விற்றவனும் அவனே. ஷௌகியைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து நின்றான்.

"வாங்க பாஷா! மேடம் சௌக்கியமா?"

"என் மனைவியை உனக்கு எப்படித் தெரியும்?"

"இதை வாங்கினப்போ நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க!"

ஷௌகி அதை மனத்துக்குள் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தான். ஸலாமா நெட்புக்கை ஒரு கம்பியால் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து வெகுநேரம் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"பாஷா, இதுல ரெகவரி பார்ட்டிஷன் ஒண்ணு இருந்துச்சே. எங்க?"

"அது என்ன?"

"கம்பெனிக்காரன் ஒளிச்சு வெச்சு அனுப்புவான். ஓ.எஸ்ஸோட முழுப் பிரதி. வண்டி எப்பக் கெட்டாலும் ஒரே ஒரு சாவியை அழுத்தினா, பெட்டியிலேர்ந்து எடுத்த முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடும்."

"கம்பெனிக்காரனா ஒளிச்சு வெச்சான்?"

"வேற யாரு? எல்லா நெட்புக்கிலயும் இருக்கும். இதுக்கு சிடி போடற வாயே கிடையாதில்ல, அதனால."

ஷௌகி கடைக்கு வெளியே ஓடும் தெருவைப் பார்த்தான். முதல் நாளுக்குத் திரும்புகிற ஒரே வழி. அதை அவன் தன் கையால் பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிட்டான். மனிதர்களுக்கும் அப்படி ஒரு சாவி இருந்தால், அந்த மூன்று விநாடிக்கு முன்னால் போய், 'சந்தேகமே இல்லை, சிரி, சூடான் வரைக்கும் சிரி' என்று சொல்லிவிடலாம்.

"ரிஹாமோட பாடக்குறிப்பெல்லாம்?"

"அதை இப்போ கேக்காதீங்க," என்றான் ஸலாமா துக்க வீட்டுக் குரலில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பழையபடி ஆகணும், ஸலாமா. இல்லேன்னா அவ வீட்டுக்கு வரமாட்டா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவ வந்தா போதும்."

"இன்ஷா அல்லாஹ் ஆகும். நீங்க வெச்சுட்டுப் போங்க பாஷா. மேடம் உள்ள என்னென்ன வெச்சிருக்காங்கன்னு நானே நிதானமா ஒவ்வொண்ணா பாக்கறேன்."

ஷௌகி நாற்காலியை இழுத்து நெட்புக்கை ஒட்டிப் போட்டுக்கொண்டான். "நான் எங்கயும் போகலை."

"உங்க இஷ்டம்," என்று ஸலாமா தேநீருக்குச் சொல்லி அனுப்பினான்.

அன்றைக்குக் கடை சாத்தும் வரை ஓ.எஸ்ஸை ஏற்றுவதற்குத் தோதான பென் டிரைவ் கிடைக்கவில்லை. மூன்று மேசை இழுப்பறைகளைக் குடைந்து பதினாறு பென் டிரைவ்களை எடுத்து, பதினாறையும் செருகிப் பார்த்து, "நாளைக்கு வாங்க," என்றான் ஸலாமா.

திங்கள் மாலை ஓ.எஸ். ஏறியது. திரை பளிச்சென்று எழுந்தது. ஷௌகி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தான்.

"ஸலாமா, இது என்ன மொழி?"

"சீன மொழி."

"ஏன் சீன மொழி?"

"கிடைச்ச பிரதி அது. மேடம் பூகோளம்தானே? சீனாவும் பூகோளத்துலதானே இருக்கு?"

மொழியை மாற்றும் இடத்தைத் தேடினார்கள். அதுவும் சீன மொழியில் இருந்தது. ஸலாமா ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான். எட்டாவதில் திரை தலைகீழானது. கடை சாத்தும் வரை இருவரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தலைகீழாகச் சீனம் படித்தார்கள்.

செவ்வாய் மாலை ஸலாமா வெற்றிச் சிரிப்போடு வரவேற்றான். "எல்லாம் அரபியில! நேரா! வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க பாஷா."

ஷௌகி வீட்டில் ஃபூல் அவரைக் கிண்ணத்தையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு நெட்புக்கைத் திறந்தான். இனிய ஓசை ஒன்று எழுந்தது. திரையில் எழுத்துகள் மலர்ந்தன.

'வருக, டாக்டர் ரவூஃப்.'

பின்னால் ஒரு படம். கடற்கரை. நீச்சல் கால்சட்டை மட்டும் அணிந்த, அகன்ற மார்பும் அடர்ந்த மீசையும் கொண்ட ஒருவன், கையில் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷௌகியைப் பார்த்துச் சிரித்தான்.

ஷௌகி ரொட்டியைக் கீழே வைத்தான். அவன் மனைவியின் மேசையில், அவன் மனைவியின் நெட்புக்கில், சட்டை போடாத ஒருவன். மீனோடு. நெட்புக்கை அப்படியே ஸலாமாவின் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"யாருடா இவன்?"

"ஓ, டாக்டரா? பல் டாக்டர். அவர் கம்ப்யூட்டர் சுத்தமா இருந்துச்சு. அதையே அச்செடுத்து உங்களுக்கும் போட்டுட்டேன். எல்லாக் கடையிலயும் அப்படித்தான் பாஷா பண்ணுவாங்க. ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டிருந்தா ஆயுசு போதாது."

"அவனை வெளியே எடு!"

"எடுத்துடலாம். ஆனா அவர்தான் உள்ள உரிமையாளர். நாம விருந்தாளி. அவர் கடவுச்சொல் இல்லாம அவரை நீக்க முடியாது."

ஷௌகி கடை சாத்தும் வரை டாக்டர் ரவூஃபோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குத் தூக்கி வந்ததும் திரையின்மேல் ஒரு கைத்துண்டைப் போட்டு மூடினான். துண்டுக்கு அடியிலும் அவன் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ரிஹாமுக்கு மீன் பிடிக்கும் என்பது வேறு ஞாபகம் வந்தது.

புதன் மதியம் அலுவலகத்தில் பல்வலி என்று சொல்லிவிட்டு டாக்டர் ரவூஃபின் மருத்துவமனைக்குப் போனான். அங்கே இருந்தவர் ஷௌகியின் தோள் உயரமே இருந்தார். தலையில் முடி இல்லை. மீசை மட்டும் அதே மீசை.

"படத்துல மார்பு அகலமா இருந்துச்சே," என்றான் ஷௌகி தன்னையறியாமல்.

"எந்தப் படத்துல? வாயைத் திறங்க."

"உங்க கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்க, போறேன்."

"மயக்க ஊசி போடாமலே இப்படிப் பேசறீங்களே! வலி மண்டைக்கு ஏறிடுச்சு. திறங்க, பெருசா."

"ரிஹாம்னு யாரையாவது உங்களுக்கு—"

வாய்க்குள் மூன்று கருவிகள் நுழைந்துவிட்டதால் கேள்வி முடியவில்லை. ஷௌகி வெளியே வந்தபோது கடைவாய்ப் பல் ஒன்று குறைந்திருந்தது. அது நல்ல பல். கன்னம் ரொட்டிமாவு போல உப்பியது.

"பல்லைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க, கடவுச்சொல்லை வாங்கிட்டு வரலையா?" என்றான் ஸலாமா அன்று மாலை.

"எழ்ழாத்தையும் அழி," என்றான் ஷௌகி வீங்கிய வாயால். "ஒண்ணு விழாம அழி. புழுசா போடு."

"கொஞ்சம் நேரம் ஆகும். நீங்க போய்ப் படுங்க. நான் தனியா—"

"போக மாத்தேன்!"

புதன் மாலை முழுவதும் அழிப்பதில் போனது. வியாழன் மாலை முழுவதும் ஏற்றுவதில் போனது. நீலக்கோடு ஒன்று திரையில் எறும்பு ஊர்வதைப் போல ஊர்ந்தது. ஷௌகி நாற்காலியை விட்டு அசையவில்லை. ஐந்து மாலைகளில் அவன் ஒரு காபிக் கடைக்குப் போகவில்லை, ஒரு ஆட்டம் சொக்கட்டான் போடவில்லை, ஸலாமாவைத் தவிர ஒரு மனிதரோடும் பேசவில்லை. கடைசியில் நெட்புக் எழுந்தது. அரபி. நேர். மீன் இல்லை, மீசை இல்லை. கடையில் வாங்கிய முதல் நாளைப் போலவே இருந்தது. ரிஹாமின் ஒரு வரிகூட அதில் இல்லை.

"குறிப்பு?" என்றான் ஷௌகி மெதுவாக.

ஸலாமா கையை விரித்து வானத்தைக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஒரு கிலோ பஸ்பூஸாவோடும் உப்பிய கன்னத்தோடும் ஷௌகி மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். ஹாஜ் மித்வல்லி பட்டியலை எடுத்து மூக்குக்கு அருகில் பிடித்தார்.

"இருபத்து மூணு! சிவப்பு! சின்னது! இருக்கு!" என்று நெட்புக்கைத் தட்டிப் பார்த்தார். "கன்னம் ஏன் இப்படி இருக்கு? யார் அடிச்சது?"

"பல், மாமா."

ரிஹாம் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் அவள் இன்னும் அழகாகியிருந்தாள். அதற்குக் காரணம் யாராக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிய தன் மூளையை ஷௌகி அதட்டி உட்காரவைத்தான். அவள் நெட்புக்கைத் திறந்தாள். வெறுமையான திரையைப் பார்த்தாள்.

"நான்தான் அழிச்சேன்," என்றான் ஷௌகி. "ஓரமா ஒரு துண்டு மறைஞ்சிருந்துச்சு. நீ யாரையோ அதுல ஒளிச்சு வெச்சிருக்கன்னு நினைச்சேன். அது கம்பெனிக்காரன் வெச்சது. உன் குறிப்பு, மணல்மேடு, நைல் நதி, எல்லாம் போச்சு. நீ என் மேல கேஸ் போடு. பட்டியல்படி எல்லாத்தையும் எடுத்துக்க. நீ மட்டும் வந்துடு."

ரிஹாம் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நாளா இதோடவா உக்காந்திருந்த?"

"அஞ்சு நாளா ஸலாமா கடையிலதான். கண்ணை எடுக்கலை."

"வேற எங்கயும் போகலையா?"

"பல் டாக்டர்கிட்ட. அதுவும் உன்னாலதான்."

அவள் உதடு துடித்தது. அழுகையா கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "தேநீர் போட்டுட்டு வரேன்," என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பெட்டி சுவரோரம் திறந்தபடியே கிடந்தது. துணி எதுவும் அடுக்கியிருக்கவில்லை. வரமாட்டாள் என்று ஷௌகி முடிவு செய்தான். பஸ்பூஸாப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அழாமலிருக்க முயன்றான்.

மேசைமேல் ரிஹாமின் போன் ஒலித்தது.

"யாரு?" என்று ஹாஜ் மித்வல்லி அதை எடுத்து, எப்போதும் போல் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இன்ஜினியர் ஸலாமா பேசறேன்," என்று கூடம் முழுக்கக் குரல் நிறைந்தது. "ஞாயித்துக்கிழமை அவர் கடைக்கு வந்ததும் நான் போன் பண்ணினப்போ நீங்க சொன்ன மாதிரியே அஞ்சு சாயங்காலமும் உங்க வீட்டுக்காரரை என் நாற்காலியை விட்டு நகர விடலை, வேற ஒரு பொண்ணு பக்கம் தலை திருப்பக்கூட வழியில்ல, உங்க பாடக்குறிப்பும் என்கிட்ட பத்திரமா இருக்கு, இன்னைக்கே வீட்டுக்குத் திரும்பறீங்களா, இல்ல நாளைக்கு அதை மறுபடி கெடுத்து வைக்கட்டுமா?"